இந்த வருடத்து ஹெட்போன்கள்

இந்த வருடம் வந்த ஹெட்போன்கள் எல்லாமே குப்பை என்று லொரேனா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே. ஏப்ரலில் வந்தது கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிறதாம். ஜூனில் வந்தது கிணற்றுக்குள் இருந்து பாடுகிறதாம். ஆகஸ்டில் ஒரு அண்ணனும் தம்பியும் சேர்ந்து, கையாலேயே செய்து, மரப்பெட்டியில் வைத்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஜோடி அனுப்பியிருந்தார்கள். அதைக் காதில் மாட்டியவள் பாட்டு முடிவதற்குள் கழற்றி வைத்துவிட்டாள்.

"டிரம்ஸ்ல தாளத்தட்டுச் சத்தம் எங்கய்யா? அண்ணன் தின்னுட்டானா, தம்பி தின்னுட்டானா?"

எங்கள் பாட்காஸ்ட் நிகழ்ச்சியின் பெயர் 'வாரன்டி முடிஞ்சுபோச்சு'. செவ்வாய்க்கிழமை காலைகளில் அவளும் நானும் உட்கார்ந்து அந்த வாரத்து டெக்னாலஜி செய்திகளை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். அதைக் கேட்கவும் ஒரு கூட்டம் இருக்கிறது. கதவில் விளம்பரம் காட்டும் ஃப்ரிட்ஜ், கணக்குத் திறக்காதவனைப் பல் தேய்க்க விடாத பிரஷ், சந்தா கட்டாவிட்டால் வாசலில் நிற்பது யார் என்று சொல்ல மறுக்கும் அழைப்பு மணி, எதையும் நாங்கள் விட்டுவைத்ததில்லை. கடைசியில் மூன்றில் ஒரு தீர்ப்பு வரும்: வச்சுக்கலாம், திருப்பிக் குடுத்துடலாம், தூக்கிப் போட்டுடலாம். ஒலி சம்பந்தப்பட்டது என்றால் தீர்ப்பு அவளுடையது. பல வருடங்கள் பெரிய பெரிய கச்சேரி மேடைகளுக்கு ஒலி அமைத்தவள். அவள் காதுக்கு முன்னால் என் காதெல்லாம் வெறும் அலங்காரம்.

நான் அமெரிக்காவின் வடக்கே டுலூத்தில், ஏரிக்கரையில் இருக்கிறேன். அவள் தெற்கே டூசானில், பாலைவனத்தில். அவரவர் வீட்டில் துணி மாட்டும் சின்ன அறைதான் எங்கள் ஸ்டூடியோ. என் அறையில் குளிர்காலக் கோட்டுகள் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும், எதிரொலியை அவை குடித்துவிடும். டூசானில் கோட்டுக்கு எங்கே போவது? பழைய துணிக் கடையில் யார் யாரோ போட்டுக் கழித்த கம்பளிக் கோட்டுகளை வாங்கி மாட்டிவைத்து, அந்த வெயிலில் அவற்றுக்கு நடுவே வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பாள். அவள் குரலை அவளும் என் குரலை நானும் தனித்தனியாகப் பதிவு செய்வோம். பிறகு நான் இரண்டையும் சேர்த்துத் தைப்பேன்.

பேச ஆரம்பிக்கும் முன்பு அரை நிமிடம் இருவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அறைக்கென்று ஒரு சத்தம் உண்டு. அதைத் தனியாகப் பிடித்துவைத்தால்தான் பிற்பாடு பேச்சிலிருந்து அதைக் கழிக்க முடியும். எல்லா ஒலிப்பதிவுக்காரர்களும் செய்கிற காரியம்தான். ஆனால் எனக்கு வாரம் முழுவதிலும் பிடித்ததே அந்த அரை நிமிடம்தான். தைக்கிற அன்று இரண்டு பதிவையும் ஒன்றாக ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். ஏரியிலிருந்து மூடுபனி ஏறி ஜன்னலை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பனிக்குள் டூசானின் சில்வண்டுகள் கத்தும். தாது ஏற்ற வரும் கப்பல் பாலத்தடியில் ஊதும், அது பாலைவனத்து மணலில் மெதுவாக ஊர்ந்து போகும். இரண்டு ஊரும் இல்லாத ஒரு ஊரில் நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன்.

அந்த ஊருக்குள் என் நாயும் வரும். பீன்ஸ் வயதான நாய், குரைப்பதை எப்போதோ விட்டுவிட்டது. கழுத்துப் பட்டையில் ஒரு சின்ன மணி மட்டும் இருக்கிறது. சரியாக அந்த அரை நிமிடத்தில்தான் எழுந்து வந்து என் காலடியில் உடம்பை உதறும். மணி குலுங்கும். விதியை மீறி லொரேனா, "ஹாய், பீன்ஸ்" என்பாள். பதிவு கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து அரை நிமிடம். நான் திட்டுவேன். மனசுக்குள் சிரித்துக்கொண்டேதான் திட்டுவேன்.

வசந்த காலத்தில் பீன்ஸுக்கு வயிற்றில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை லொரேனாவிடம் சொல்லிவிட்டு நிகழ்ச்சிக்குச் சில வாரம் லீவு போட்டேன். அது பிழைத்துக்கொண்டது. அதை வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணியே சொல்லட்டும் என்று நினைத்தேன். திரும்ப உட்கார்ந்த முதல் செவ்வாயன்று, அரை நிமிடத்தில், பீன்ஸ் தள்ளாடி வந்து உதறியது. மணி குலுங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி, ஆரம்பிக்கலாம்" என்றாள் லொரேனா, ரொம்ப மெதுவாக.

அவ்வளவுதான். அடுத்த வாரமும் அவ்வளவுதான். அதற்கடுத்த வாரங்களிலும். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நாய் இருக்கிறதா போய்விட்டதா என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லையே! நானும் வீம்பாகப் பீன்ஸ் பேச்சை எடுப்பதை நிறுத்தினேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் நகைச்சுவைக்கு அவள் சிரிப்பு தாமதமாக வர ஆரம்பித்தது. நான் முடிப்பதற்குள் குறுக்கே விழுந்து பேசினாள். முன்பெல்லாம் ஒரு சில்வண்டு கத்தினால் பதறிப்போய் ஜன்னலைச் சாத்துகிறவள், இந்தக் கோடையில் எல்லாவற்றையும் திறந்துபோட்டு உட்கார்ந்தாள். அவள் பதிவு முழுக்க வண்டு. நான் ஒவ்வொன்றாகக் கழித்தேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும், "உன் கப்பல் வந்துடுச்சுய்யா" என்பாள். கப்பல் கேட்கிறவளுக்கு என் நாய் கேட்காதா என்று எரிந்தது.

ஒரு பெரிய நிறுவனம் அவளைத் தனியாக நிகழ்ச்சி நடத்தக் கூப்பிடுகிறது என்று காற்றுவாக்கில் ஒரு செய்தியும் வந்தது. அப்போது எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். கிளம்பப் போகிறவள் வீட்டைக் கூட்டுவாளா? எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையை விட்டால் பேச ஆளில்லை. இந்த வாரம் பதிவு முடிந்ததும் நேராகவே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்: நீ போகிறாயா, இல்லையா?

அந்த வாரத்துப் பெரிய செய்தி, காதைப் பரிசோதிக்கும் ஒரு புது இயர்பட். மருந்துக் கடையிலேயே கிடைக்கும், டாக்டர் சீட்டு வேண்டாம். காது மந்தமானவர்களுக்குக் கருவியாகவும் வேலை செய்யும். கம்பெனி எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று அனுப்பியிருந்தது. பெட்டியைப் பதிவின்போதுதான் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் நிகழ்ச்சியின் சட்டம்.

"பல்லு கலர்ல ஒரு சாமான்" என்றாள் லொரேனா. "பெட்டி மூடி பாரு, லொடலொடன்னு ஆடுது. சார்ஜ் பண்ண கேபிள் குடுத்திருக்கானா? இல்ல. மரத்தைக் காப்பாத்தறோம்னு ஒரு அட்டை மட்டும் குடுத்திருக்கான். மரத்துல செஞ்ச அட்டை."

"காதுல மாட்டு தாயே, அப்புறம் திட்டு."

"காதுக்குள்ள டாக்டரை உக்கார வெக்கிறானுங்க, ஹௌகன். அடுத்தது மூக்குக்குள்ள வக்கீல்."

சின்னப் பிள்ளைகள் மாதிரி, யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டிக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதனையை ஆரம்பித்தோம். காதில் ஒரு மெல்லிய சத்தம் வரும், வந்தால் போனைத் தட்ட வேண்டும். ஹெட்போனைக் கழற்றி அவள் குரலை ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டு, போனை மேஜைமேல் வைத்துக்கொண்டேன். முதலில் கப்பல் சத்தம்போல அடித்தொண்டைச் சத்தங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கொசு பறப்பதுபோல, கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை விரலால் தடவுவதுபோல. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடியிருந்தேன், அந்தச் சத்தங்கள் மூடுபனிக்குள் எங்கெங்கோ ஏற்றிவைத்த சின்ன விளக்குகள் மாதிரி இருந்தன. நடுவில் ஒரு இயர்பட்டைக் கழற்றினேன். ஸ்பீக்கரில் லொரேனா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யோவ், என்னோடது நின்னுபோச்சு. இதுவும் ஓட்டை. பாதியிலேயே தொங்குது, எழுதிக்கோ, தூக்கிப் போட்டுடலாம். நீ என்னத்தத் தட்டிட்டிருக்க?"

"சத்தம் வருதே, அதுக்குத்தான்."

"என்ன சத்தம்?"

"கொசு மாதிரி. கீச்சுன்னு. உனக்கு வரலையா?"

அவள் மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள் என்று தெரிந்தது. டொக், டொக் என்று அவள் விரல் கேட்டது. பிறகு நின்றது. ஸ்பீக்கரில் டூசானின் சில்வண்டுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

அந்த வண்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"லொரேனா, அங்க சில்வண்டு இருக்கா?"

"இல்லையே. இந்த வருஷம் வரவே இல்ல. மழை சரியில்லன்னு நெனைக்கிறேன். ஏன் கேக்குற?"

நான் வண்டு கத்தும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லாததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் புத்திசாலி.

"வந்திருக்கா?" என்றாள்.

"கத்தித் தீர்க்குது. கோடை முழுக்க."

அவள் நாற்காலி கிறீச்சிட்டது. அது அவளுக்குக் கேட்டிருக்காது. "அப்போ அந்த அண்ணன் தம்பி ஹெட்போன்?" என்று கேட்டாள்.

"எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. தாளத்தட்டெல்லாம் பளிச்சுன்னு. நீ இல்லேன்னு சொன்னதும் என் காதுதான் சரியில்லன்னு நெனச்சுட்டேன்."

"கம்பளி போத்துன மாதிரின்னு சொன்னேனே. கெணத்துக்குள்ளன்னு சொன்னேனே." அவள் குரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. "ஒரு வருஷத்து ஹெட்போன் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லிட்டு, தூக்கிப் போட வேண்டியதை ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? காதுய்யா அது. என்னோட காது."

அவள் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு கோப்பை காப்பியாவது நீட்டியிருப்பேன். இங்கிருந்து கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் காது போனதற்கு நான் வருந்திக்கொண்டிருந்தேன், அவள் என்னை விட்டுப் போகவில்லை என்று சந்தோஷமும் பட்டேன். இரண்டும் ஒன்றாக வந்தது வெட்கமாக இருந்தது.

"நீ நிகழ்ச்சியை விட்டுட்டுப் போகப் போறேன்னு நெனச்சேன்" என்றேன். "அந்தப் பெரிய கம்பெனிக்கு."

"அவனுங்களா? கோட்டு எதுவும் வேணாம், நாங்களே ஸ்டூடியோ தர்றோம்னானுங்க. கோட்டு இல்லாத எடத்துல எனக்கென்ன வேலைன்னு போனை வெச்சுட்டேன். உனக்கு எதுக்கு அப்படித் தோணுச்சு?"

"பீன்ஸுக்கு நீ ஹாய் சொல்றதையே நிறுத்திட்ட."

அவள் போனை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஹௌகன்" என்றாள் கடைசியில். "பீன்ஸ் இருக்கா?"

"இருக்கே. இங்கதான் கெடக்கு, வாசப்படில."

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன்யா! ஆபரேஷன்னு போன. திரும்பி வந்த. அரை நிமிஷம் உக்காந்தோம், மணி வரல. சரி, போயிடுச்சு, இவனால சொல்ல முடியலன்னு நெனச்சேன். நீயா சொல்லட்டும்னு காத்திருந்தேன். வாரா வாரம் அந்த அரை நிமிஷம் அந்த நாயை நெனச்சுட்டு உக்காந்திருந்தேன். ஏன்டா என்கிட்ட சொல்ல மாட்டேங்குறான், நான் அவ்வளவு வேத்து மனுஷியான்னு எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

வசந்தத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே மௌனத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு துக்கத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது என்னமோ கேக்குது" என்றாள். "உங்கள் காதுக்கு ஏற்றபடி ஒலியை மாற்றவான்னு. ரொம்ப மரியாதையாத்தான் கேக்குது, திருட்டுப் பய."

"அமுக்கு."

அமுக்கினாள். முதலில் வந்தது புகார்தான். "என்னய்யா இது, என் சட்டையே சரசரங்குது. இந்த நாற்காலி எப்பல இருந்து அழுவுது? கோட்டு மாட்டுற கம்பியெல்லாம் பேசுது." பிறகு அவள் எழுந்து போகும் சத்தம். வெகுநேரம் திரும்பி வரவில்லை. ஜன்னல் பக்கம் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

வந்து உட்கார்ந்ததும், "அரை நிமிஷம்" என்றாள். "முறைப்படி."

உட்கார்ந்தோம். இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் வண்டு. பீன்ஸ் வாசற்படியில் தூங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்த நாய், அன்று பார்த்து அசையவில்லை. கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிட்டால் அது அரை நிமிடம் ஆகாது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. லொரேனா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நொடிகளில் பீன்ஸ் சோம்பலாகத் தலையைத் தூக்கி, பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது.

"ஹாய், பீன்ஸ்" என்றாள், குரல் உடைந்து.

அதுவரை எந்தச் சத்தத்துக்கும் எழாத நாய், ஸ்பீக்கரைப் பார்த்து வாலை ஆட்டியது.

அந்த வார நிகழ்ச்சியில் லொரேனா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாள். மறுபடி கேட்டுப் பார்க்க, எல்லா ஹெட்போனையும் இன்னொரு முறை அனுப்பச் சொன்னாள். இயர்பட்டின் மூடியை மறுபடி ஒரு பாட்டம் திட்டிவிட்டு, "வச்சுக்கலாம்" என்றாள். நான் அந்த அரை நிமிடத்தை வெட்டவில்லை, அவள் குரல் வருமுன் நிறுத்தி, அப்படியே முன்னால் ஒட்டிவிட்டேன். நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு கப்பலைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை, உங்கள் மைக் பழுதா, இல்லை எங்கள் ஹெட்போன்தான் குப்பையா என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அடுத்த செவ்வாயன்று லொரேனாவே பதில் சொன்னாள்.

"ஹெட்போனைத் திட்டறதுக்கு முன்னாடி காதைப் பரிசோதிச்சுக்கோங்க. அந்த அரை நிமிஷத்துல ஒரு நாய் இருக்கு."