ஏழை என்று ஒரு கையெழுத்து

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அப்பா பொருத்தமாகத்தான் சொன்னார், அதுவே வினையாகப் போயிற்று. சரக்குக் கிடங்கின் வாசலில் காவல் காக்கிற மனிதர், மூத்தவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் தன்னைக் கிடங்கின் மேனேஜர் என்று சொல்லிவைத்தார். அவர்களும் தலையாட்டினார்கள், கல்யாணம் முடிவானது. சம்பந்தியாக வரப்போகிறவர் யார் தெரியுமா? வருமானச் சான்றில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. போயும் போயும் அவரிடமா அளக்க வேண்டும்!

அந்த நேரம் பார்த்துச் சின்னவளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீடே துள்ளியது. கட்டணத்தைப் பார்த்ததும் வீடே உட்கார்ந்தது.

மூத்தவளுக்குக் கடனைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில், கல்விக் கடன் தவணை தவறியவர்களை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. திட்டாமல், குரலை உயர்த்தாமல் கறந்துவிடுவாள். அதனால் அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘தேன்’. எத்தனையோ அம்மாக்கள் “அவன் வீட்ல இல்லம்மா” என்று சொல்லும்போது, பக்கத்தில் அவன் மூச்சு விடுவது அவள் காதில் விழும். அந்த நிலைமை தங்கைக்கு வரக்கூடாது என்பதில் அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

“வழி ரெண்டுதான்” என்றாள் சாப்பிடும்போது. “அரசாங்கக் கடன்னா நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் வட்டியே கிடையாது. வேலைக்குப் போய் கட்டினா போதும். எங்க கம்பெனி கடன்னா, பணம் கொடுத்த அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். நீ கிளாஸ்ல உக்காந்திருப்ப, அது பாட்டுக்கு குட்டி போட்டுட்டிருக்கும். குட்டியையும் அசல்ல சேர்த்து அதுக்கும் வட்டி போடுவாங்க.”

“படிக்கும்போது கட்ட வேண்டாம்னு உங்க போர்டுலயே போட்டிருக்கே அக்கா?”

“கட்ட வேண்டாம்னுதான் போட்டிருக்கு. வட்டி இல்லைன்னு போட்டிருக்கா? அத நம்பித்தான் எல்லாரும் வந்து விழறாங்க. அப்புறம் என்கிட்ட அழறாங்க. நமக்கு அரசாங்கக் கடன்தான். நாளைக்குக் கடைசி நாள். அப்பா வருமானம் குறைவுன்னு ஒரு சான்று, அவ்வளவுதான்.”

அப்பா சாப்பாட்டில் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். “சான்று யாருகிட்ட வாங்கணும்? அந்த மனுஷன் முன்னாடி போய், ஐயா நான் வாட்ச்மேன்னு நிக்கணுமா? உன் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்?”

“பொய் சொன்னது நீங்க. அதுக்கு இவ படிப்பு பலியாகணுமாப்பா?”

“எனக்காகவா சொன்னேன்?” என்றார். பாதியில் எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை மூத்தவள் யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்? தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அவன் ஃபோன் வரும். நாள் முழுக்க அழுகையும் சாபமும் கேட்கிற காதுக்கு அந்தச் சிரிப்பு மருந்தாக இருந்தது.

“அட, வாம்மா!” என்று அதிகாரி தன் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். கூட்டம் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தது.

“மாமா, எங்கப்பா மேனேஜர் இல்ல. வாட்ச்மேன்.”

அவர் முத்திரைக்கட்டையை மையில் ஒற்றிக்கொண்டே சிரித்தார். “தெரியுமே. விசாரிக்காமலா பொண்ணு கேட்டு வருவோம்? கிடங்கு வாசல்ல உங்கப்பா லாரிக்கு கேட்டைத் திறந்துவிடறத என் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடடா, இந்த மனிதரைப் போய் என்னவோ என்று நினைத்தோமே!

“உங்கப்பா சம்பளம் எங்களுக்கு எதுக்கும்மா? உன் சம்பளம் மாசாமாசம் ஒழுங்கா வருதில்ல, அது போதும்” என்றார். “சான்று தர்றேன். ஆனா கடனுக்கு ஜாமீன் கையெழுத்து நீ போடக்கூடாது.”

“அப்பா சம்பளத்துக்கு ஜாமீன் ஏத்துக்க மாட்டாங்க மாமா. நான் போட்டாத்தான் கடனே.”

“அதான் வேணாங்கறேன். தங்கச்சி காலேஜ் சேரப்போறான்னு கேட்டதுமே எம்பையன் சொல்லிட்டான். ஜாமீன் கீமீன்னு இவ மாட்டிக்கப் போறா, நீங்களே சொல்லி வைங்கப்பான்னு.”

நேற்றுகூடச் சிரித்தானே! அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தபோது, தவணை தவறியவர்களிடம் பேசுகிற அந்தத் தேன் குரல்தான் வந்தது.

“சான்றுல கையெழுத்துப் போடுங்க, சார். கல்யாணத்த விட்டுடலாம். உள்ளத உள்ளபடி எழுதத்தான் கேக்கறேன். முடியாதுன்னா சொல்லுங்க, மேல இருக்கறவங்கள பாத்துக்கறேன்.”

‘மாமா’ ‘சார்’ ஆகிவிட்டதை அவர் கவனித்தார். வரிசையில் நின்றவர்களும் கவனித்தார்கள். கடகடவென்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தி, தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சின்னவளையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கல்யாணம் போனால் போகிறது, தங்கை பிழைத்தாள் என்ற ஒரே நினைப்பு அவளை நடக்கவைத்தது.

வீட்டில் அப்பா சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

“எல்லாம் முடிச்சாச்சு!” என்றார். “உங்க கம்பெனிக்கே போயிட்டேன். உன் பேரச் சொன்னதும் என்ன மரியாதைங்கற! அரைமணி நேரத்துல வேலை முடிஞ்சுது. பணம் நேரா காலேஜுக்கே போயிடுச்சு.”

“ஜாமீன் யாருப்பா?”

“கிடங்கு முதலாளிதான். கடன் தீர்ற வரைக்கும் வேலைய விட்டுப் போகமாட்டேன்னு எழுதிக் கொடுத்தேன், பாவம், ஒத்துக்கிட்டாரு.”

முழங்கால் வலியால் இந்த வருடத்தோடு வேலையை விட்டு நின்றுவிடுவதாக இருந்தவர் அப்பா. கட்டி முடித்த கட்டணத்துக்கு அரசாங்கம் கடன் தராது, பாதியில் அடைத்தால் கம்பெனி அபராதம் போடும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யாரிடம் போய்ச் சொல்வது?

“என்னம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கற? இனிமே அந்த மனுஷன்கிட்ட சான்று கேட்டு நிக்க வேணாம். உன் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வராது.”

“அவங்களுக்கு முதல்லயே தெரியும்ப்பா.”

“என்ன தெரியும்?”

“நீங்க வாட்ச்மேன்னு. தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டு வந்தாங்களாம்.”

அப்பா அவளையே பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“அப்ப நான் எதுக்கும்மா கையெழுத்துப் போட்டேன்?” என்று கேட்டார்.

கல்யாணம் நின்றுபோனதை அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.