துவைக்க வேண்டாமுங்க

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்கள் நிலாவைப் பார்த்தேன், ரயிலில் ஒரு முகத்தைப் பார்த்தேன் என்று காரணம் சொல்வார்கள். நான் பார்த்தது ஒரு மழைக்கோட்டை. அது எட்டாக மடிக்கப்பட்டு, பளிச்சென்று வெளுத்து, சோடா உப்பு வாசனையோடு வேலிக்கு மேலாக நீண்ட இரண்டு கைகளில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அன்றைக்கே காகிதத்தை எடுத்துவிட்டேன்.

விஷயத்தை ஒளித்து வைத்துக் கடைசியில் உடைக்கிற வித்தை எனக்குத் தெரியாது. இப்போதே சொல்லிவிடுகிறேன். மெழுகு ஏற்றிய கித்தான் கோட்டைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் மெழுகு போய்விடும். மெழுகு போனால் அது வெறும் கனத்த துணி. அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு மலையில் மழைக்குள் நடப்பவர் என் அண்ணன். போன வருஷம் நிமோனியாவில் படுத்து எழுந்தவர். "இன்னொரு தடவை நனைந்தால் நான் ஜவாப்தாரி இல்லை" என்று டாக்டர் கையை விரித்திருக்கிறார்.

இந்தக் கதையில் மூன்று பேர். இரண்டு பேருக்கு இது தெரியும். தெரியாத அந்த ஒருவரிடம் இருவரும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவுதான் கதை. அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

எழுதி அடித்த ஆரம்பங்கள்:

"ஆடி மாதத்து மேகங்கள் வெள்ளியங்கிரி மலைமேல் கரும் பட்டு விரித்தாற்போல—"

(வேண்டாம். மேகம் மேகம் போலத்தான் இருந்தது.)

"1936-ஆம் வருஷம், ஆலாந்துறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் மருதாசலம் என்றொரு மனிதர் வாழ்ந்து—"

(அண்ணனைப் பற்றி வாழ்ந்து வந்தார் என்று எழுதக் கை நின்றுவிட்டது. வாழ்ந்து வருகிறார். இந்த வரியை எழுதும்போது வாழ்ந்து வருகிறார். இறந்தகாலத்தில் கதை சொல்கிற வழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ!)

"முத்தாத்தாள் ஒரு முட்டாள்—"

(இது பொய். அக்கம்பக்கத்தில் அவ்வளவு சூட்டிகையான ஆள் கிடையாது. புருஷன் போன பிறகு ஏழு வருஷமாகப் பக்கத்துத் தோட்டத்தில் தனியாகப் பண்ணையம் பார்க்கிறார். கிணறு வெட்டுகிறவன் எத்தனை முழம் ஏமாற்றுகிறான் என்று மேலே நின்றே சொல்லிவிடுவார். அவரை முட்டாளாக்கினால் என் வேலை சுலபமாகும். அதனால்தான் அடித்தேன்.)

3

கோட்டைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது.

அண்ணனுக்கு, மலையிலிருந்து கோயமுத்தூருக்குக் குடிதண்ணீர் வருகிற வழியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பத்து நாள் மேலே, நாலு நாள் கீழே. கீழே எங்களுக்குத் தூறல் போடும்போது மேலே கொட்டும். எஸ்டேட்டுத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது ஏலம் விட்ட சாமான்களில் இந்தக் கோட்டு வந்தது. கூடவே ஒரு தகர டப்பாவில் பூசு மெழுகும் இருந்தது. அது ஒரே மழைக்காலத்தில் தீர்ந்தது. அதற்குப் பிறகு அண்ணனே கற்றுக்கொண்டார், அதாவது கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார்.

முதலில் கடலை எண்ணெய் தடவினார். ஒரே வாரத்தில் சிக்கு நாற்றம். எலி வந்து காலரைத் தின்றுவிட்டது. அடுத்து விளக்கெண்ணெய். அது காயவே இல்லை. சாலையில் இருந்த புழுதி முழுக்கக் கோட்டுக்குக் குடிவந்தது. கடைசியில் பெயின்ட் கடைக்காரர் ரசாக் சொல்லிக் கொடுத்தார்: தேன்மெழுகு ஒரு பங்கு, மெழுகுவத்தி ஒரு பங்கு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். கோட்டை வெயிலில் சூடாக்கி, பழந்துணியால் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். தோளுக்கும் தையலுக்கும் இரண்டு தடவை. தண்ணீர் நுழைவது எப்போதும் தையல் வழியாகத்தான். பிறகு ஒரு வாரம் காற்றாடத் தொங்கவிட வேண்டும். மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் மெழுகு வெடித்துவிடும். சேறு பட்டால் காயவிட்டுப் பிரஷ்ஷால் தட்டலாம், ஈரத்துணியால் துடைக்கலாம். சவுக்காரம், சோடா உப்பு, வெந்நீர் கிட்டே வரக்கூடாது.

இப்படிப் பார்த்துக்கொண்டால் கோட்டு கறுத்து, கொஞ்சம் பிசுபிசுத்து, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். அப்படி இருந்தால்தான் அது நல்ல கோட்டு. வினை வந்தது அங்கேதான்.

4

சித்திரைக் கடைசியில் ஒருநாள், வேலிக்கு அந்தப் பக்கம் முத்தாத்தாள் களத்தில் மிளகாய் காயப் போட்டிருந்தார். திடீரென்று கோடை மழை. அண்ணன் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, மிளகாய்மேல் விரித்துவிட்டு, தான் நனைந்துகொண்டு நின்றார். மிளகாய் தப்பியது. கோட்டு இரண்டு நாள் அங்கேயே இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். இரவல் வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பது அநாகரிகம். பாத்திரமானால் துலக்கி, உள்ளே ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். துணியானால் துவைத்துக் கொடுக்க வேண்டும். முத்தாத்தாள் இரண்டையும் செய்தார். கோட்டு துவைக்கப்பட்டு வந்தது. அதன் இரண்டு பைகளிலும் அவரைக்காய்.

"ஏனுங்ணா, எத்தனை அழுக்குங்க! சோடா உப்புப் போட்டு வேகவெச்சு, நாலு தண்ணி மாத்தினேனுங்க. அப்பவும் பிசுக்கு போகலீங்க. கல்லுல வெச்சு அடிச்சுப்போட்டேன். இப்பப் பாருங்க."

பார்த்தோம். கோட்டு, பள்ளிக்கூட வாத்தியாராகிய என் வேட்டியை விடச் சுத்தமாக இருந்தது.

"எதுக்குங்க அம்மணி உங்களுக்குச் சிரமம்" என்றார் அண்ணன்.

"சிரமம் என்னங்க? ஊட்டுல பொம்பளை இல்லாத ஆளு. யாரு துவைச்சுப் போடறாங்க? எனக்குத்தான் இத்தனை நாளாத் தோணாமப் போச்சு."*

அவர் போன பிறகு அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிடா சொல்லறது? ரெண்டு நாள் கை எரிய எரிய மொளகாயும் சோடாவுமாத் துவைச்சிருக்குது அந்தம்மணி. பாழாப் போச்சுங்கன்னு சொல்லட்டுமா? கண்ணு கலங்கிப்போகும்."

"இனிமேல் துவைக்க வேண்டாமென்றாவது?"

"உங்க கை எங்க துணியில படவேண்டாம்னு அர்த்தமாயிருமடா."

வைகாசி வெயிலில் உட்கார்ந்து, முதலிலிருந்து மெழுகு ஏற்றினார். நல்ல வேளை, அப்போது வெயில் இருந்தது.

* அண்ணியார் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. நான் அனுப்பிய முதல் பக்கங்களைப் படித்த பத்திரிகை ஆசிரியர், "விதவை, மனைவியை இழந்தவர், நடுவில் ஒரு வேலி. காதலை வைத்துக்கொண்டு ஏன் கோட்டைப் பற்றி எழுதுகிறீர்?" என்று கடிதம் போட்டார். முத்தாத்தாள் அண்ணனை "ஏனுங்ணா" என்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவதை ஆசிரியர் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

5

இனி வருவது ஆடி. எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

அண்ணன் திங்கட்கிழமை மலைக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய வாரம், வெயில் தெரிந்த ஒரே நாளில், கோட்டுக்கு இன்னொரு கை மெழுகு பூசிக் கொடியில் தொங்கவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை நாங்கள் சந்தைக்குப் போய்த் திரும்பினால் கொடி காலி. திருடு போய்விட்டது என்று நினைத்தேன். திருடு போயிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! திருடனாவது துவைக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலிக்கு மேலே அந்த இரண்டு கைகள் நீண்டன.

"மறுபடியும் அழுக்காக்கிப்போட்டீங்களேண்ணா! கொடியில பார்த்தேன், மனசு கேக்கலீங்க. நீங்க கேக்கறதுக்குக் கூச்சப்படுவீங்கன்னு நானே எடுத்துட்டுப் போயிட்டேன். இந்தத் தடவை சாம்பல் தண்ணியில ஒரு ராத்திரி ஊறப்போட்டு, நேத்துப் பூரா அடுப்படியில காயவெச்சேனுங்க."

(இந்த இடத்தில் கதாசிரியனுக்கு அதிகாரம் உண்டு என்று நம்பி, அண்ணனின் வாயில் கீழ்க்கண்ட வசனத்தை வைத்துப் பார்த்தேன்:

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கோட்டைத் துவைக்க—"

அண்ணன் பேசவில்லை. மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் "துவைக்க" வரை வந்துவிட்டு, "—இத்தனை சிரமப்பட்டீங்களே" என்று முடித்துவிட்டார். நானே படைத்த பாத்திரமானால் மிரட்டியிருப்பேன். கூடப் பிறந்தவரை என்ன செய்வது?)

உண்மையில் நடந்தது இது. நான் வாயைத் திறந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் அண்ணன் என் காலை ஒரே மிதி மிதித்தார்.

"ரொம்ப நல்லதுங்க அம்மணி" என்றார்.

அன்று முழுவதும் மழைத் தூறல். தேன்மெழுகு இல்லை, எண்ணெய் இல்லை, வெயில் இல்லை. வீட்டில் இருந்த நாலு மெழுகுவத்தியைக் கோட்டின்மேல் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியைப் பட்டும் படாமலும் ஓட்டினோம். தோளுக்கு வந்தது. முதுகுக்குப் பாதி வந்தது. தையல்களுக்கு வரவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் அந்தப் பாதிக் கோட்டை மாட்டிக்கொண்டு, "வாரேன்டா" என்று புறப்பட்டார். பத்து நாளும் மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

6

இப்போது, நான் தயாரித்து வைத்திருந்த முடிவுகள்.

முதலாவது: அண்ணன் திரும்பி வருகிறார், ஒரு தும்மல்கூட இல்லை. ஆசிரியருக்குப் பிடிக்கும். தையலைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இரண்டாவது: அண்ணன் திரும்பி வர

(இல்லை. இதை எழுத மாட்டேன்.)

மூன்றாவது முடிவில் நான் ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தேன். இந்தக் கதையையே முத்தாத்தாளுக்குப் படித்துக் காட்டிவிடுவது. நேரில் சொல்ல வராததைக் கதை சொல்லிவிடும் அல்லவா? ஆனால் அவர் மனம் நோகக் கூடாதே என்று சில மாறுதல்கள் செய்தேன். கோட்டை வண்டிப் படுதாவாக்கினேன். ஆலாந்துறையைப் பெருந்துறையாக்கினேன். முத்தாத்தாளைப் பூவாத்தாளாக்கினேன். அண்ணனைப் பாலுசாமி என்ற வண்டிக்காரராக்கினேன். தலைப்பை மட்டும் படிக்கும்போது விழுங்கிவிடுவதென்று தீர்மானித்தேன்.

7

நேற்று அண்ணன் இறங்கி வந்தார். இரண்டு ஆட்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உள் அறையில் படுத்திருக்கிறார். உடம்பு கொதிக்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சில் சத்தம் கேட்கிறது. டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது. கோட்டை நான்தான் கழற்றினேன். உள்சட்டையைப் பிழியலாம் போலிருந்தது.

இன்று காலை முத்தாத்தாள் கஞ்சி கொண்டுவந்தார். உட்கார்ந்தார். கையில் காகிதத்தோடு நான் இருந்தேன். இதைவிட நல்ல சமயம் வராது என்று படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அந்தப் பூவாத்தாளுகிட்ட யாருமே சொல்லலீங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"பாவமுங்க. தெரியாமச் செஞ்சவளைத் தெரியாமயே உட்டுப்போட்டாங்களே. நாளைக்கு அந்த வண்டிக்காரருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பொறவு அவ எப்படிங்க அந்த ஊர்ல இருப்பா? இதென்னங்க மரியாதை?"

அண்ணனையும் முத்தாத்தாளையும் இத்தனை பக்கம் திட்டி எழுதியவன் நான். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்காக. சந்தேகத்தின் சுவடே இல்லாத முகம்.

"அப்பறம் என்னாச்சுங்க தம்பி? வண்டிக்காரரு நனைஞ்சு போனாருங்களா?"

"நனையலீங்க அம்மணி" என்றேன். "நல்லா இருக்காருங்க."

சொன்னேன். நான்தான் சொன்னேன். எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

"அப்பச் சரிதானுங்க" என்று எழுந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "எப்படி இருக்குதுங்ணா?" என்று கேட்டார். இருமல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு அண்ணன், "நல்லா இருக்கேனுங்க அம்மணி" என்றார். திரும்பும்போது முத்தாத்தாள் கண்ணில், மூலையில் கிடந்த கோட்டு பட்டது. மலைச் சேறு, அட்டை கடித்த ரத்தம், அங்கங்கே உதிர்ந்த மெழுகு.

"அடக் கடவுளே! இதைக் குடுங்க தம்பி. அண்ணன் எழுந்து நடமாடறதுக்குள்ள வெளுத்துக் கொண்டாறேன்."

கோட்டை எடுத்தார். நானும் எடுத்தேன். இப்போது கோட்டின் ஒரு கை அவரிடம் இருக்கிறது, இன்னொரு கை என்னிடம். அவர் மெல்ல இழுக்கிறார். நான் உபசாரத்துக்குத் தடுக்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார். உள்ளே அண்ணன் மறுபடியும் இருமுகிறார்.

இதற்குமேல் எனக்கு எழுத வராது. இந்த ஊர்க்காரன் நான். நீங்கள் தஞ்சாவூரோ திருநெல்வேலியோ, வேறு எங்கோ இருப்பவர். முத்தாத்தாள் உங்களுக்கு யாரோ. சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை, அதையும் தலைப்பில் எழுதி வைத்துவிட்டேன். உரக்கப் படியுங்கள். அவர் வாசற்படி தாண்டுவதற்குள் படியுங்கள்.