கரித்தூள் கைவிட்ட பாட்டு

சாவு வீட்டில் எலக்ட்ரிக் கிடாரோடு போய் நிற்பது சும்மா காரியமா? முகத்துவாரக்குப்பத்துக்குள் நுழையும்போதே வல்லரசு கிடாரை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான். வியாசர்பாடியில் அவனும் கூட்டாளிகளும் நடத்தும் ராக் பேண்டின் பெயர் ‘கரித்தூள்’. செத்துப்போன ரஞ்சித் அதன் ரசிகன், படகு எஞ்சின் மெக்கானிக். லாரியில் அடிபட்டுப் போய்விட்டான்.

பாடையைத் தூக்குமுன் செத்தவருக்குப் பிடித்ததைப் பாடி அனுப்புவது அங்கே வழக்கம். கானாக்காரர்கள் பாடி முடித்திருந்தார்கள். அதற்குமேல் கிடார் வேறா என்று ரஞ்சித்தின் தாய்மாமன் மாரியப்பன் கொதித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே பாட்டு நைனா. முடிஞ்சதும் தூக்கிடுவோம். கலீஜா எதுனா பாடுன, கிடாரு இருக்காது.”

ஊரே ஆடும் தங்கள் ‘கிரேன் ராணி’ பாட்டைத்தான் கேட்பார்கள் என்று வல்லரசு முடிவே கட்டியிருந்தான். கம்பியைத் தட்டியதும் ரஞ்சித்தின் தங்கை புஷ்பவல்லி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

“இது இல்லண்ணா. ‘சாம்பத் தண்ணி’. நீங்க எங்க பாடுனாலும் வந்து இத்தத்தான கேட்டுக் கத்துவான்?”

ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலப்பதைப் பற்றி வல்லரசு எழுதியது. நாய்கூடச் சீண்டாத பாட்டு என்று இணையத்திலிருந்து அவனே அழித்த பாட்டு அது. வார்த்தை ஒன்றுகூட நினைவில்லை. அட கொடுமையே, எழுதினவனே மறந்துவிட்டான்!

“இன்னாடா முழிக்கிற? நேரமாவுதுல்ல?” மாரியப்பன் எழுந்தார். பாடையை நோக்கி நாலு பேர் நகர்ந்தார்கள். புஷ்பவல்லி குறுக்கே விழுந்து மறித்தாள்.

“தங்கச்சி, அவன் போன்ல பாட்டு கீதா?” என்றான் வல்லரசு.

கண்ணாடி நொறுங்கிய போனைக் கொண்டுவந்தாள். வல்லரசு காதில் வைத்துக் கேட்டான். கூட்டம் முணுமுணுத்தது. அந்தப் பழைய குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது, பாவி.

பிறகு பாடினான்.

“சாம்பத் தண்ணியில வல போட்டேன்,
சாமி, ஒரு மீனாச்சும் குடு...”

இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் மாரியப்பன் நேரே அவனிடம் வந்தார். வல்லரசு கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“நல்லாத்தான கீது,” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. “அவன் உசுரோட இருக்கச்சொல்லோ ஏன்டா பாடல?”

வல்லரசு கிடாரைக் கீழே வைத்துவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுக்கப் போனான். அதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள்.