நோயுற்ற இலை முதலில்

பாகீரதி வீட்டில் மடி ஆசாரம் பார்க்கிறவள் இல்லை. ஆனால் பாலிகஞ்ச் ஆய்வகத்துக்குள் காலை வைத்துவிட்டால், அவளைவிடப் பெரிய மடிசஞ்சி கல்கத்தாவிலேயே கிடையாது. நல்ல தக்காளி இலையைக் காலையில் அரைப்பாள். பாக்டீரியா ஏற்றிய இலையைப் பிற்பகலில்தான் தொடுவாள். வரிசை மாறினால் கிருமி நல்ல செடிக்கும் ஒட்டிக்கொள்ளுமே!

அவள் கண்டுபிடித்ததும் லேசுப்பட்ட சங்கதி அல்ல. செல்லுக்குள், பழுதான புரதங்களுக்கு அடையாளம் ஒட்டி உடைத்துப்போடும் ஓர் ஏற்பாடு உண்டு. இந்தப் பொல்லாத பாக்டீரியா, செடியைக் காக்கும் புரதத்தின் மேலேயே அந்த அடையாளத்தை ஒட்டிவிடுகிறது, செடி தன் காவலைத் தானே உடைத்துக்கொள்கிறது என்றாள். நோயுற்ற இலையில் காவல் புரதம் காணவே காணோம். வருஷக்கணக்காகக் காணோம். 2006இல் ஒரு பத்திரிகை அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டது.

கணவன் ஸ்ரீநிவாஸ் வங்கி மாற்றலில் சென்னைக்குப் போய் மூன்று வருஷம். கட்டுரை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அவனை மெஸ் சாப்பாட்டில் காலந்தள்ள வைத்திருந்தாள். இந்த முறை அவனே லீவு போட்டு, இரண்டு டிக்கெட்டோடு காளிகாட் வீட்டுக்கு வந்து பெட்டி கட்ட ஆரம்பித்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பத்திரிகைக்காரர்கள், அரைத்த இலைகளில் அந்தப் புரதம் இருப்பதையும் இல்லாததையும் காட்டும் ஒரு படத்தை மட்டும் தெளிவாக எடுத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். அன்று பார்த்து மழை கொட்டி, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். நல்ல செடிகள், அவற்றை வளர்க்கும் கொட்டகையிலிருந்து வந்துசேர மத்தியானமாயிற்று. சும்மா உட்காருவானேன் என்று நோயுற்ற இலையை முதலில் அரைத்தாள்.

மறுநாள் படத்தில் பார்த்தால், அந்த இலையில் காவல் புரதம் குத்துக்கல்லாக இருக்கிறது. மத்தியானம் அரைத்த நல்ல இலையில்தான் இல்லை. அதே வரிசையில் மறுபடி செய்தாள். அதே கதை.

அரைக்கும்போது புரதம் சிதையாமலிருக்க ஒரு மருந்து சேர்ப்பார்கள். தண்ணீரில் கலந்தால் சீக்கிரமே அதன் வீரியம் போய்விடும். காலையில் கலந்ததையே அவள் சாயங்காலம்வரை ஓட்டியிருக்கிறாள். பாக்டீரியா இந்தப் புரதத்தைத் தொடவே இல்லை. பாழாய்ப்போன புரதம் உடைந்ததெல்லாம் அவள் சோதனைக்குழாயில்தான்.

ஆராய்ச்சி நெறியாளரிடம் சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார் அவர். வீட்டுக்கு வந்து ஸ்ரீநிவாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் வாயைத் திறந்தாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

"இன்னும் எத்தனை நாளாகும்?" என்றான்.

"ஒரு வருஷம். கூடவும் ஆகலாம்."

"நீ பண்ணினது சரிதான், பாகி. ஆனா என்னால இனிமே காத்துண்டிருக்க முடியாது. கோபமெல்லாம் இல்லை. முடியலை, அவ்வளவுதான்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்களோடு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. அந்த வார்த்தைக்காக அவனும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பிறகு எழுந்து, கட்டிய பெட்டியைத் திறந்து, அவளுடைய புடவைகளை மட்டும் எடுத்து அலமாரியில் அடுக்கினான்.