ஆளுக்குப் பாதி மான்

மான் வேட்டை சீசன் தொடங்கும் சனிக்கிழமை ஜோலின் வீட்டு ஆண்கள் ஒருவர்கூட ஊரில் இருக்கமாட்டார்கள். அப்பா ஆர்வில், அவருடைய இரண்டு தம்பிகள், அண்ணன் லைல், சித்தப்பா மகன்கள் என்று மொத்தக் கும்பலும் முந்தின நாளே துப்பாக்கியும் பீரும் உருளைக்கிழங்கு மூட்டையுமாகக் காட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடும். மிச்சம் இருப்பது மருமகன், ஜோலினின் புருஷன் வெண்டல் மட்டும். அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து நூறு மைல் தள்ளி இருக்கும் நகரத்துக்குத் துணி எடுக்கப் போவார்கள். வேன் ஓட்ட ஒரு ஆள் வேண்டுமே, அது வெண்டல். கல்யாணமாகி ஆறு வருஷம், ஆறு நவம்பரும் அவன் கடை வாசலில் பைகளைக் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

வெண்டல் மில்வாக்கி நகரத்தில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவன். அவன் அப்பா பஸ் ஓட்டினார். புறாவும் அணிலும் தவிர வேறு மிருகத்தோடு அவர்கள் வீட்டுக்குச் சம்பந்தமில்லை. விஸ்கான்சினின் வடக்கே ஜோலினின் ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் கொதிகலனும் குழாயும் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகுதான், இங்கே பன்னிரண்டு வயதில் மான் சுடாதவனை யாரும் ஆளாகவே எண்ணுவதில்லை என்று தெரிந்தது. அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு.

ஆறாவது வருஷம் அவன் வாய் விட்டே கேட்டான். "மாமா, அடுத்த வருஷம் நானும் வரட்டுமா?"

ஆர்வில் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "அங்க இருக்கறது எட்டுப் படுக்க மாப்ளே. எட்டுக்கும் ஆள் இருக்கு."

"நான் தரையில படுத்துக்கறேன்."

"தரையில நாய் படுக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்து வைத்தான். "சரி, எப்படிச் செய்யறதுன்னு சொல்லியாவது குடுங்களேன்."

"சொல்லிக்குடுக்க இதுல என்ன மச்சான் இருக்கு?" என்றான் லைல். "போய் உக்காரு. மான் வரும். சுடு."

"உக்காரவே உக்காராத," என்றார் சின்ன மாமா. "நடந்துகிட்டே இருக்கணும்."

அதற்குமேல் எதுவும் பெயரவில்லை. அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? ஆனால் வெண்டலுக்கு அன்றைக்கு அது அப்படித் தோன்றவில்லை. வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அடுத்த வாரமே பழைய துப்பாக்கி ஒன்று வாங்கினான். வேட்டை அனுமதிக்குக் கட்டாயமான பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை மடக்க இடமில்லாத நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சை எழுதித் தேறினான். இனி வேன் ஓட்ட வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

முதல் வருஷம் சீசனின் ஒன்பது நாளும் லீவு போட்டு, அரசாங்கக் காட்டில் போய் உட்கார்ந்தான். எட்டு நாள் ஒரு வாலைக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் முதுகுக்குப் பின்னால் யாரோ பலமாகத் தும்மின மாதிரி ஒரு சத்தம். திரும்புவதற்குள் வெள்ளை வால்கள் மூன்று புதருக்குள் குதித்து மறைந்தன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்கார வேண்டும், மனுஷ வாடை கால் மைல் தள்ளியே மானுக்குத் தெரிந்துவிடும் என்பதை அன்று இரவு ஒரு வீடியோவில் பார்த்தான். அவன் சட்டையிலோ ஜோலின் போடும் சோப்புத் தூளின் லாவெண்டர் வாசனை. ஒன்பது நாளாகக் காடு முழுக்க மணத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

"இத ஒருத்தன் முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்று லைலிடம் சண்டைக்குப் போனான்.

"இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றான் லைல், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

இரண்டாம் வருஷம் உஷாரானான். கோடையிலிருந்தே ஞாயிறுதோறும் காட்டில் அலைந்து கால்தடம், புழுக்கை, மரப்பட்டை தேய்ந்த இடம் எல்லாம் பார்த்து, மான் தேடி வந்து தின்னும் கொட்டைகள் உதிரும் ஓக் மரங்கள் நிற்கும் ஒரு மேட்டைக் கண்டுபிடித்தான். சீசன் தொடங்கின அன்று விடியும் முன்னால் முக்கால் மைல் நடந்து போனால், அவன் அடையாளம் வைத்திருந்த அதே கட்டைமேல் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு தடியன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"இது என் இடம்," என்றான் வெண்டல்.

"பட்டா வெச்சிருக்கியா?" என்றான் அவன், மென்றபடியே.

பொதுக் காடு. சட்டப்படி வெண்டல் பேச ஒன்றுமில்லை. அன்று பத்து மணிக்கு அந்த மேட்டிலிருந்து ஒரே ஒரு வெடி கேட்டது. வெண்டல் தெர்மாஸ் மூடியை மரத்தில் வீசி உடைத்தான். பிறகு காப்பி குடிக்க மூடி இல்லை.

மூன்றாம் வருஷம், சீசனின் நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குத்தான் அது நடந்தது.

சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு பைன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காற்று முகத்தில் அடித்தது. சட்டையில் வாசனை இல்லை. எதிரே புல்லை விலக்கிக்கொண்டு ஒரு பெண்மான், வீட்டு முற்றத்துக்கு வருவது மாதிரி வந்து நின்றது. எழுபது கஜம்கூட இருக்காது. வெண்டல் குறி வைத்தான். துப்பாக்கி முனை கோழித்தலை மாதிரி ஆடியது. சுட்டான். மான் முதுகை வளைத்து ஒரு துள்ளு துள்ளி ஓடியது.

அடிபட்ட மானை அரை மணி நேரமாவது விட்டுவிட வேண்டும், பின்னாலேயே துரத்தினால் மைல் கணக்கில் ஓடும் என்று அவன் படித்திருந்தான். ஒரு தடவை இல்லை, ஐம்பது தடவை. ஆனால் மூன்று வருஷம் காத்திருந்தவனால் அந்த அரை மணி நேரம் காத்திருக்க முடியவில்லை. அடுத்த நிமிஷமே எழுந்து ஓடினான். இலைகளில் சொட்டுச் சொட்டாக ரத்தம், பச்சையாக ஏதோ கலந்து. குனிந்து பார்த்துப் பார்த்து இருநூறு கஜம் போயிருப்பான். மேட்டுக்கு அப்பால் படார் என்று ஒரு வெடி.

"ஐயோ!" என்று கத்தியே விட்டான்.

மேடேறி இறங்கினான். அவன் மான் செத்துக் கிடந்தது. அதன் தலைமாட்டில் ஆரஞ்சுத் தொப்பியும் பழைய பெரிய கோட்டுமாக ஒரு அம்மாள் நின்றாள். வயது அறுபதை நெருங்கியிருக்கும்.

"அது என் மான்," என்றான் மூச்சு வாங்க.

"அப்படியா தம்பி? என்கிட்ட வந்தப்ப நல்லாத்தானே ஓடிச்சு."

"நான் மொதல்ல சுட்டேங்க. ரத்தம் வழியெல்லாம் இருக்கு, வந்து பாருங்க."

"எங்க சுட்டே? வயித்துல. என் குண்டு நெஞ்சுல போயிருக்கு, நீயே பாரு. எதனால செத்துச்சு?"

அந்தக் காட்டு வழக்கப்படி, விழவைத்தவருக்குத்தான் மான். வெண்டலுக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் வயிறு எரிந்தது. "மூணு வருஷங்க," என்றான். "மூணு வருஷமா ஒத்த ஆளா அலையறேன். ஒருத்தன் ஒண்ணும் சொல்லித் தரல."

அந்த அம்மாள் துப்பாக்கியைத் தோளில் மாட்டினாள். "சரி. நீயே எடுத்துக்க," என்றாள் சட்டென்று. "எனக்கு இன்னொண்ணு கெடைக்காமலா போகும்? குடலெடுத்துட்டு இழுத்துகிட்டுப் போ."

குடலெடுக்கிறது என்ற வார்த்தையைக் கேட்டதும் வெண்டலின் கோபம் பாதி வடிந்தது. உள்ளே இருப்பதை அங்கேயே வெட்டி எடுக்காவிட்டால் கறி கெட்டுவிடும். அதற்கென்று வாங்கின கத்தி மூன்று வருஷமாக உறையைவிட்டு வெளியே வரவில்லை. வீடியோவில் பார்த்திருக்கிறான். கையால் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை.

"இல்ல, இல்ல, நீங்க சொன்னதுதான் நியாயம்," என்றான். "கொன்னது நீங்க. நீங்களே எடுத்துக்குங்க."

"பரவால்ல தம்பி, பெருந்தன்மையாத்தான் சொல்றேன்."

"நானும் பெருந்தன்மையாத்தாங்க சொல்றேன்."

இருவரும் மானைப் பார்த்தார்கள்.

"உனக்குக் குடலெடுக்கத் தெரியாது," என்றாள் அம்மாள்.

"உங்களுக்கு?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் தள்ளறேன்?"

அவள் பெயர் ரோவீனா. பக்கத்து ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் புருஷன் முப்பது வருஷம் வேட்டைக்குப் போனான். ஒரு நாள் கூட அவளைக் கூட்டிப் போனதில்லை. வீட்டுக்கு வருவதெல்லாம் கடையில் வெட்டிப் பொட்டலம் கட்டின கறிதான். "விவாகரத்துல துப்பாக்கி எனக்கு வந்துச்சு, கத்தி அவன்கூடப் போயிடுச்சு," என்றாள். "எனக்கு இது ரெண்டாவது வருஷம். சுட்டது இதுதான் மொதத் தடவ. ஏதோ பழக்கப்பட்டவ மாதிரி நின்னேன், இல்ல?"

"நான் நம்பிட்டேங்க."

"நானும் உன்னப் பெரிய வேட்டைக்காரன்னுதான் நெனச்சேன். கத்தியும் கித்தியுமா வந்தியே."

சிரித்திருக்கலாம். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நாலரைக்கு இருட்டிவிடும், வண்டி முக்கால் மைல் தள்ளி நிற்கிறது, போனில் சிக்னல் இல்லை.

மானுக்கு ஒன்று என்று தரும் அனுமதிச் சீட்டில் தன்னுடையது ஒன்றை எடுத்து ரோவீனா தேதியையும் நேரத்தையும் குறித்தாள். கறியை ஆளுக்குப் பாதி என்று பேச்சு. அவள் பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்ள, வெண்டல் கத்தியை வைத்தான். தோல் அவ்வளவு தடிமனாக இருக்கும் என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை. அழுத்தினான். அழுத்தினது அதிகம்.

"நிறுத்து, நிறுத்து! உள்ள எதையோ குத்திட்டே!"

"ஏற்கெனவே குண்டு குத்தினதுங்க அது."

"அந்தக் குண்டும் உன்னதுதானே!"

நாற்றம் எழுந்து மூக்கில் அறைந்தது. வெண்டல் திரும்பிப் போய் ஒரு மரத்தடியில் காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கிவிட்டு வந்தான். பிறகு ரோவீனா கத்தியை வாங்கினாள். பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டுவது மாதிரி மானை அதட்டிக்கொண்டே வெட்டினாள். நெஞ்சுக்குள் முழங்கை வரை கையை விட்டு மூச்சுக்குழாயைத் தேடினார்கள். வழுக்கியது. இவன் பிடித்தால் அவள் வெட்டவில்லை, அவள் வெட்டினால் இவன் பிடிக்கவில்லை. வெண்டலின் கட்டைவிரலில் ஒரு வெட்டு விழுந்தது. பழகினவர்களுக்குப் பத்து நிமிஷ வேலை, இவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் எல்லாம் ஒரு மொத்தையாகச் சரிந்து குளிரில் ஆவி பறக்க விழுந்தபோது இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மானுடைய கண் திறந்தே இருந்தது. வெண்டல் அதை அப்போதுதான் பார்த்தான். இவ்வளவு நேரமும் கோபத்தில் இதைப் பார்க்கவே இல்லையே என்று ஒரு மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றினான். ரோவீனாவும் கழற்றினாள். குளிர் தாங்காமல் உடனே மாட்டிக்கொண்டார்கள்.

இழுத்து வந்து அவளுடைய டிரக்கில் ஏற்றும்போது வெளிச்சம் முழுக்கப் போயிருந்தது. ஊர்க்கோடியில் மான் வெட்டித் தரும் கடையில் எட்டு வண்டி முன்னால் நின்றது. முறை வந்ததும் கடைக்காரர் மானைப் புரட்டிப் பார்த்தார். விளக்கை இழுத்து வைத்து இன்னொரு தடவை பார்த்தார்.

"யார் இதுக்குக் குடலெடுத்தது? ரம்பம் வெச்சா வெட்டினீங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

"பின்பக்கம் நெறைய வீணாப் போயிருக்கு. வயித்துப் பக்கமும் வெட்டித் தூக்கிப் போடணும். மிச்சத்துல தேறினத எடுத்துக்குங்க."

தேறினது ஆளுக்கு ஒன்பது பொட்டலம். வெண்டல் அதைக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் அடுக்கும்போது ஜோலின் கதவில் சாய்ந்து நின்றாள்.

"கெடைச்சுதா! நெஜமாவா? நீயா சுட்டே?"

"பாதி."

"பாதின்னா? பாதி மான எப்படி சுடுவாங்க?"

அவன் விளக்க ஆரம்பித்தான். வயிறு, நெஞ்சு, ரோவீனா, குடல் என்று சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு, அவனுக்கு எரிச்சல். காட்டு வீட்டிலிருந்து எல்லாரும் வந்து கூடின வியாழக்கிழமை, நன்றி கூறும் நாள் பண்டிகை விருந்தில் லைல் இதையே மூன்று தடவை சொல்லவைத்துக் கேட்டான். ஆர்வில் மட்டும் சிரிக்காமல், "உடனே தொரத்தினியா மாப்ளே? தொரத்தக்கூடாதே," என்றார். வெண்டல் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ரோவீனாவின் டிரக் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அவளிடம் இன்னொரு சீட்டு மிச்சமிருந்தது, அவனுடையது இரண்டும் மிச்சம். சதுப்பின் அந்தக் கரையில் அவளும் இந்தக் கரையில் அவனுமாக நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் டிரக்குக்குத் திரும்பினதும் அவள் கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

"நீ இருமினே."

"நான் இருமல. நீங்க பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சீங்க, இங்க வரைக்கும் கேட்டுது."

"அது பதினோரு மணிக்கு. நீ இருமினது மூணு மணிக்கு."

"காத்து மாறிடுச்சு, அதான்."

"ஆமா, காத்து," என்றாள் ரோவீனா, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "நாளைக்கு நாலு மணிக்கே வந்துடறேன். இருமல் மிட்டாய் ஏதாவது எடுத்துகிட்டு வா. சரசரக்காத காகிதத்துல சுத்தி."