சைக்கிள் வகுப்புக்குப் போயிருந்த நேரம்

செத்துக் கிடந்த மாமனாரின் தாடையைத் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் ராயம்மாள். வாதத்தில் விழுந்து நாலு மாதம் கிடந்த உடம்பு. பீயும் மூத்திரமும் அவள் ஒருத்திதான் வாரினாள்.

வாசலில் அவள் புருசன் சின்னப்பன், வருகிறவர்களிடமெல்லாம் அழுதுகொண்டே சொன்னான். அவன் மொரப்பூர் போயிருந்தானாம். இவள் அப்பனைத் தனியாகப் போட்டுவிட்டு சைக்கிள் மிதிக்கப் போய்விட்டாளாம்.

போனது நிஜம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் ஊர் ஊராகப் போய்ச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலைக்குச் சிபாரிசு செய்வதாக மாதா கோயில் சிஸ்டர் சொல்லியிருந்தார். வெளியே ஓட்டினால் சிரிப்பார்கள் என்று, கடத்தூர் மாதா கோயில் மண்டபத்தின் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது பெண்கள் கற்றார்கள். மூன்று வாடகை சைக்கிள், முறை வைத்துச் சுற்றுவார்கள். அன்றைக்குத்தான் யாரும் பிடிக்காமல் மூன்று சுற்று ஓட்டினாள். இறங்கியபோது சிரிப்பு அடங்கவில்லை.

ஒரு மணி நேரம் வீட்டில் இருக்கும்படியும், கிழவரை நிமிர்த்தி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டும்படியும் சின்னப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

திரும்பியபோது கிழவர் மல்லாந்து கிடந்தார். வாயிலும் மூக்கிலும் கஞ்சி. காலடியில் சின்னப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சாராய நெடி. உலுக்கி எழுப்பினாள். அப்பனைப் பார்த்தான். முதல் காரியமாக வாய் கொப்பளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டான். பிறகு புழக்கடை வழியாக வெளியேறி, பத்து நிமிடம் கழித்து முன்வாசல் வழியாக, "ஐயோ அப்பா" என்று ஓடி வந்தான்.

ராயம்மாளுக்குக் குமட்டியது. நாலு மாதம் பீ வாரியபோது வராத குமட்டல்.

நாத்தனார் ரோசம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவள். காலைத் தூக்கி சைக்கிள் ஏறியவளுக்குக் கிழவன் நினைப்பு எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள்.

ராயம்மாள் ஈரத்துணியின் நுனியை விட்டு மாமனாரின் மூக்கைத் துடைத்தாள். வெள்ளையாக வந்தது.

"இன்னாடி அது?"

"கஞ்சிங்க."

"ஆரு ஊத்தனது?"

"உங்க தம்பிதாங்க. படுக்க வெச்சே ஊத்திட்டு, குடிச்சிட்டுத் தூங்கிட்டாரு."

வாசலில் சின்னப்பனின் அழுகை நின்றது. ரோசம்மாள் தம்பியைப் பார்த்தாள். பஞ்சைக் கிள்ளி அவசரமாகத் தகப்பன் மூக்கில் அடைத்தாள்.

"வுடு. செத்தவரு எந்திரிச்சா வரப்போறாரு? வெளிய வாய தொறக்காத," என்று காதோரம் சொன்னாள். பிறகு வாசலுக்குப் போய் மாரில் அடித்துக்கொண்டு, சைக்கிள்காரியால் தன் அப்பன் அநாதையாகச் செத்ததை முன்னைவிடச் சத்தமாகச் சொல்லி அழுதாள்.

மறுநாள் பகலில் அடக்கம் முடிந்தது. கல்லறையிலிருந்து வந்த சின்னப்பன், உள்ளே நுழையுமுன் கைகால் கழுவ வாசலில் நின்றான். ராயம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அவன் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான்.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் குனிந்தே நின்றிருந்தான்.