மச்சான் தட்டிய தட்டு

யேசுரத்தினம் வாத்தியார் சைக்கிள் வாங்கிய அன்றுதான் அவருடைய மச்சான் ஞானதாசன் அவர் முதுகில் தட்டினார். இரண்டும் ஒரே நாளில் நடந்துவிட்டதால் வந்தது அத்தனை கூத்தும்.

1931ஆம் வருஷம். இரணியல் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு யேசுரத்தினம் தலைமை வாத்தியார். ஆள் ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. சைக்கிளோ, சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை விற்றுவிட்டுப் போனது. அந்தத் துரை எங்கள் ஊர் வாசல்களில் குனியாமல் நுழைந்ததே இல்லை. வாத்தியார் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் ஹாண்டில் எங்கோ தூரத்தில் இருக்கும். கையை நீட்டி, தோளை நீட்டி, நெஞ்சைக் கம்பியோடு ஒட்டவைத்து, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு, சுவரில் ஓடும் பல்லி மாதிரிப் போவார். பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரிடம் பிள்ளைகளைப் படிக்க விட்டிருந்தவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்?

ஞானதாசனுக்குக் குளச்சலில் கருவாட்டு வியாபாரம். வாத்தியாரின் மனைவி ஜெபகுமாரிக்கு மூத்தவர். மூட்டை தூக்கித் தூக்கி உரம் ஏறிய கை. சைக்கிளைப் பார்க்க வந்தவர், "கொள்ளாம் மாப்ள, ராசா வண்டியில்லா இது" என்று சொல்லி, வாத்தியாரின் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் ஓங்கி ஒன்று வைத்தார். பிரியத்தில் வைத்ததுதான்.

ஒரு வாரம் கழித்துச் சரியாக அந்த இடத்தில் நோவு கண்டது. முதலில் சின்னதாக இழுத்தது. பிறகு கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் பிடித்தது. ஜெபகுமாரி வாயு என்று சொல்லிப் பூண்டும் பெருங்காயமும் காய்ச்சிக் கொடுத்தாள். கோவில் உபதேசியார் ஜெபதாஸ் வந்து தலையணையை மாற்றச் சொன்னார்; வாத்தியார் மாற்றினார். அப்புறம் தலையணையே கூடாதென்றார்; வாத்தியார் எடுத்துப்போட்டார். நோவு அசையவில்லை.

கணக்கு வாத்தியார் நாராயணபெருமாள்தான் கேட்டார். "சார், அந்த இடத்தில ஆராவது தட்டினாவளா?"

"எனக்க மச்சான் தட்டினாரு. சந்தோசத்தில."

நாராயணபெருமாள் குரலைத் தாழ்த்தினார். "வர்ம அடி அன்னைக்கே நோவாது சார். அடிபட்டவன் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவான். நாள் கழிஞ்சுதான் வேலையக் காட்டும்."

யேசுரத்தினம் பிள்ளைகளுக்கு ரத்த ஓட்டம் பற்றிப் பாடம் நடத்துகிறவர். இதையெல்லாம் நம்பக்கூடாது என்று வீடு வரைக்கும் தனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது போன கிறிஸ்துமஸ் ஆராதனை ஞாபகம் வந்துவிட்டது. மச்சான் சுதி தப்பிப் பாடியதை, சபை முழுவதும் கேட்க, இவர் எழுந்து நின்று திருத்தியிருந்தார்.

அதற்குப் பிறகு வாத்தியார் யாரையும் பின்னால் வரவிடவில்லை. கரும்பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு பாடம் நடத்தினார்; போட்டிருந்த கோட்டின் முதுகில் பாதிப் பாடம் ஒட்டிக்கொண்டு வந்தது. கோவிலில் கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். தோளைக் குறுக்கிக் குறுக்கி நோவு இரட்டித்தது.

கடைசியில் சிதறாலில் வர்ம வைத்தியம் பார்க்கும் மரியஜான் ஆசானிடம் போனார். அத்தனை தூரமும் சைக்கிளில்தான். இறங்கும்போது கழுத்து திரும்பவில்லை. ஆசான் விரலால் தொட்டுப் பார்த்து, "தட்டுதான்" என்றார். பள்ளிக்கூடத்து விடுமுறை முழுக்கத் தம் வீட்டிலேயே படுக்க வைத்து எண்ணெய் போட்டுத் தடவினார். எழுந்து நடமாடக் கூடாதென்று உத்தரவு. நோவு சுவடில்லாமல் போனது. வாத்தியார் ஆசானுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, கண்கலங்கி, சைக்கிளில் ஏறினார். மார்த்தாண்டம் தாண்டும்போது இழுக்க ஆரம்பித்தது. வீடு வந்து சேரும்போது பழையபடி ஆகிவிட்டது.

"பாத்தியா ஏட்டி" என்றார் மனைவியிடம். "ஆசான் எடுத்தும் நிக்கல்ல. உனக்க அண்ணன் லேசுப்பட்ட ஆளில்ல."

"அவன் கருவாடு கட்டுதவன்" என்றாள் ஜெபகுமாரி. "இஞ்ச பாருங்க, நீங்க அந்தச் சைக்கிள்ல போறதப் பாத்தா எனக்கே முதுகு நோவுது."

"சைக்கிளுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? மிதிக்கது காலுல்லா?"

அவள் அம்மியில் மறுபடியும் பூண்டை வைத்துத் தட்டினாள்.

அந்தச் சனிக்கிழமையே வாத்தியார் குளச்சலுக்கு மிதித்தார். ஞானதாசன் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் நின்று கருவாட்டு மூட்டைகளைத் தைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான், பாட்டு விசயத்தில நான் செஞ்சது தப்பு. தட்டினத நீரு எடுத்துரும்."

"எதை எடுக்கணும்?"

வாத்தியார் எல்லாவற்றையும் சொன்னார். ஞானதாசனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் எதிரே நிற்கிறவர் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டு அவருக்கு மறந்தே போயிருந்தது. அது வர்ம அடி இல்லை என்று சொன்னால் இந்த மனுஷன் நம்பப்போவதில்லை.

"சரி மாப்ள. கோபத்தில செஞ்சுட்டேன். திரும்பி நில்லும்."

நடுமுதுகிலிருந்து பிடரி வரைக்கும் மெல்லத் தடவிவிட்டார். வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். வாத்தியார் அதை மந்திரம் என்று எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். நெத்திலி, சாளை, வாளை, சுறா என்று அன்றைக்கு வண்டியில் ஏற்ற வேண்டிய மூட்டைகளைத்தான் மச்சான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

நம்பிக்கையோடு திரும்பும் வழியில், ஒரு குளத்தங்கரை வளைவில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. வாத்தியார் ஒதுங்கப்போய் வயலுக்குள் விழுந்தார். சேறு என்பதால் அடியில்லை. ஆனால் ஹாண்டில் முறுக்கிக்கொண்டது, சீட்டுக்குக் கீழிருந்த தண்டு முறிந்தது. வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தக்கலையில் ஒரு கொல்லனிடம் விட்டார். அவன் அதுவரை மாட்டுவண்டிக்குப் பட்டை அடித்தவனே தவிர சைக்கிளைத் தொட்டவனில்லை. முறிந்த தண்டின் மிச்சத்தைக் குழாய்க்குள் அடிவரை இறக்கி அடித்தான். ஹாண்டிலைத் தெரியாமல் பின்புறமாகத் திருப்பி மாட்டிவிட்டான். இப்போது அது வாத்தியாரின் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது.

"இது மறுபக்கமால்லா இருக்கு" என்றார் வாத்தியார்.

"ஓடுதா ஓடல்லியா, அதச் சொல்லுங்க" என்றான் கொல்லன்.

ஓடியது. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனார். நாலைந்து நாளில் கழுத்து திரும்பியது. இன்னும் கொஞ்ச நாளில் நோவு இருந்த இடம் தெரியவில்லை.

"உனக்க அண்ணன் தடவினாரு, நோவு போயிட்டு, பாத்தியா?" என்றார். ஜெபகுமாரி சைக்கிளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"ஓ, எனக்க அண்ணன் கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வாத்தியார் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னார், கோவில் முற்றத்தில் சொன்னார், கோட்டாற்றுச் சந்தையில் முகம் தெரியாதவர்களுக்கும் சொன்னார். சிலுவை என்று ஒரு மீன்பிடிக்காரர். கரைவலை இழுத்து இழுத்து மேல்முதுகு பிடித்துப் போயிருந்தது. வாத்தியாரே அவரைக் கிட்டங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஞானதாசன் மிரண்டுபோனார். "மாப்ள, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. கருவாடுதான் தெரியும்."

வாத்தியார் சிலுவையின் காதருகே எம்பினார். "பெரிய ஆசான்மாரெல்லாம் இப்படித்தான் சொல்லுவாவ. நீரு துண்ட எடுத்துட்டு உக்காரும்."

சிலுவை முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஞானதாசன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வாசலை எட்டிப் பார்த்தார். வெளியே இன்னும் நாலுபேர் நின்றுகொண்டிருந்தார்கள்.